டர்பனிலிருந்து கொள்ளுத்தாத்தாவின் ஊரைத் தேடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரத்தில், பேரனைக் கூட்டிப்போக வந்த தாத்தாவோ ஆயாவோ தயங்கித் தயங்கி என்னிடம் வருவார்கள். கையில் நாலாக மடித்த ஜெராக்ஸ் தாள் இருக்கும். “டீச்சர், இதுல எங்க ஊர் பேர் இருக்கு. எப்படிப் படிக்கணும்?” என்று கேட்பார்கள். இப்படி வந்த தாள்களைப் பல வருடங்களாகப் படித்ததில் எனக்குச் சில வழிகள் பிடிபட்டிருக்கின்றன. புதிதாகத் தேடத் தொடங்குகிறவர்களுக்காக அவற்றை எழுதுகிறேன்.

நான் ஆரணியில் பிறந்து, கல்யாணமாகி டர்பன் வந்தவள். என் கணவர் வீட்டுக் குடும்பப் பெயர் கோவெண்டர். நம் கவுண்டர்தான் இங்கே அப்படி ஆகியிருக்கிறது. கவுண்டர் என்றால் கோயம்புத்தூர்ப் பக்கம் என்று யாரோ சொன்னதை நம்பி, என் மாமனார் கையில் தாத்தாவின் போட்டோவோடு கோயம்புத்தூருக்கே போய்ப் பத்து நாள் அலைந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். சில வருடங்கள் கழித்து ஒரு எண் கிடைத்தது. அதை வைத்து, கப்பலில் வந்த கூலிகளைப் பதிந்த பட்டியலைப் பார்த்தால் வடஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா என்று இருந்தது. நான் பிறந்த ஊருக்குப் பக்கத்துத் தாலுகா! குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஊரைத் தேடாதீர்கள், முதலில் எண்ணைத் தேடுங்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

அது என்ன எண்? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் டர்பன் வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் வந்து இறங்கிய வரிசையில் ஒரு எண் கொடுத்தார்கள். அதைக் காலனி எண் என்பார்கள். பெயரை எத்தனை விதமாக எழுதினாலும் சாகும்வரை அந்த எண் மாறாது.

முதல் வேலை: வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள்

ஆவணக் காப்பகத்துக்கு அவசரப்பட்டு ஓடாதீர்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே, போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். “நம்ம ஊர் எது?” என்று நேராகக் கேட்டால் “இந்தியா” என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். தாத்தா எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார், டொங்காட்டா, மவுண்ட் எட்ஜ்கோமா, உம்ஸிண்டோவா? ரயில்வேயா, டண்டீ பக்கம் நிலக்கரிச் சுரங்கமா? கூடவே கப்பலில் வந்தவர் என்று யாரையாவது சொல்வார்களா? வீட்டில் முதல் படையல் எந்தச் சாமிக்கு? ஆடி மாதம் கூழ் ஊற்றினார்களா, புரட்டாசிச் சனிக்கிழமை பிடித்தார்களா? பாட்டியை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்?

கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் பாட்டியை ஆயா என்பதும், காரியத்தைக் கருமாதி என்பதும் எங்கள் வடஆற்காட்டுப் பக்கத்து வீடுகளில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. அவ்வா என்று கூப்பிட்டிருந்தால் வீட்டில் தெலுங்கு இருந்திருக்கலாம். கங்கையம்மனைத் தனியாகக் கும்பிடும் குடும்பமா என்றும் கேளுங்கள். இவை ஆதாரம் ஆகாது. ஆனால் பிறகு பட்டியலில் ஒரே பெயரில் நாலு பேர் வந்து நிற்கும்போது, யார் உங்கள் ஆள் என்று முடிவு செய்யக் கைகொடுக்கும்.

அப்புறம் காகிதங்கள். பிறப்பு, கல்யாண, இறப்புச் சான்றிதழ்கள், பழைய வாடகை ரசீது, பள்ளிக்கூடச் சீட்டு என்று எதையும் விடாதீர்கள். ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்று 1950-ல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலும் மற்ற இடங்களிலும் இருந்த வீடுகளை விட்டு சாட்ஸ்வர்த்துக்கும் ஃபீனிக்ஸுக்கும் வந்த குடும்பங்கள் அந்த மாற்றத்தில் நிறையத் தொலைத்தன. அதனால் அத்தை வீடு, பெரியப்பா வீடு என்று எல்லா வீட்டிலும் கேளுங்கள். எங்கள் வீட்டில் உருப்படியான தாள் கிடைத்தது சாமி அறையில்தான். தாத்தா படத்தின் கண்ணாடி உடைந்து சட்டம் மாற்றக் கழற்றினபோது, பின்னட்டைக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு பழைய கல்யாணச் சான்றிதழ் மடித்து வைத்திருந்தது. மடிப்பில் எழுத்து அழிந்திருந்தாலும் எண் மட்டும் தெளிவாக இருந்தது.

குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

நம் ஊரில் இருந்து வந்தவர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முனியன் மகன் சின்னசாமி, அவ்வளவுதான். வெள்ளைக்காரர் பதிவேட்டிலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் எதையாவது எழுதியாக வேண்டும். சில வீடுகளில் பட்டப் பெயர் அங்கே போயிற்று. பிள்ளை ‘பில்லே’ ஆனார், நாயுடு ‘நைடூ’ ஆனார், முதலி ‘மூட்லி’ ஆனார். படையாட்சி, நாயக்கர், செட்டி, ரெட்டி, ஆசாரி, பத்தர் எல்லாம் அப்படித்தான். வேறு சில வீடுகளில் அப்பாவின் பெயரோ தாத்தாவின் பெயரோ குடும்பப் பெயராக உறைந்து போயிற்று. பெருமாள், முனுசாமி, மாரிமுத்து, சுப்பிரமணி, ஆறுமுகம், குப்புசாமி என்று டர்பனில் நீங்கள் பார்க்கும் குடும்பப் பெயர்கள் எல்லாம் ஒரு காலத்தில் தனி ஒரு மனிதரின் பெயர்.

தமிழர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரையே பாருங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை போய், 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் உயிர்விட்ட அந்தப் பெண்ணை இங்கே வள்ளியம்மா முனுசாமி முதலியார் என்று எழுதுவார்கள். வள்ளியம்மா அவர் பெயர், முனுசாமி அப்பா பெயர், முதலியார் பட்டம். தமிழ்நாட்டில் அவரே தில்லையாடி வள்ளியம்மை. தில்லையாடி என்பது பெற்றோர் வழியில் வந்த ஊர். அதே வீட்டில் ஒரு பிள்ளையை முனுசாமி என்றும் இன்னொரு பிள்ளையை மூட்லி என்றும் பதிந்திருந்தால், மூன்று தலைமுறை கழித்து அவர்களைச் சொந்தம் என்று யாரால் சொல்ல முடியும்? இங்கே அண்ணன் தம்பி வழியில் வந்தவர்களே வேறு வேறு குடும்பப் பெயரோடு இருக்கிறார்கள்.

பட்டப் பெயரை வைத்து ஊரை முடிவு செய்வதும் ஆபத்து. கவுண்டர் பட்டம் கொங்கு நாட்டில் ஒரு சமூகத்துக்கு, வடஆற்காடு, தென்னாற்காடு பக்கம் வன்னியர்களுக்கு. இது தெரியாமல்தான் என் மாமனார் கோயம்புத்தூர் போனார். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். பட்டியலில் எழுதியிருக்கும் சாதியும் இன்றைய குடும்பப் பெயரும் பல வீடுகளில் பொருந்தாது. கடல் தாண்டி வந்த இடத்தில், ஊரில் தன்னைக் கீழே வைத்திருந்த பெயரை உதறிவிட்டு மரியாதையான பட்டத்தை எடுத்துக்கொண்டவர்கள் பலர். சேரியிலிருந்து வந்த ஒருவர் இங்கே பிள்ளை என்று தலைநிமிர்ந்து நின்றிருந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட விடுதலை என்றே நான் அதைப் பார்க்கிறேன். தேடுகிறவர்கள் இந்த இடத்தில் மனம் ஒடிந்து நின்றுவிடக் கூடாது.

எண்ணைப் பிடியுங்கள்

உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போங்கள். நடுவில் தாவாதீர்கள். உள்துறை அலுவலகத்தில் கணினியில் அடித்துத் தரும் சுருக்கமான சான்றிதழ் இந்த வேலைக்கு உதவாது. கையால் எழுதிய மூலப் பதிவின் நகல் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். தாமதம் ஆகும், பொறுமையாக இருங்கள். ஒப்பந்தத்தில் வந்தவர்களின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகம் பதிந்து வந்தது. அந்தப் பழைய பதிவுகளில் அப்பா பெயர், அம்மா பெயர் பக்கத்திலேயே எண்ணும் இருக்கும்.

அடுத்த இடம் டெத் நோட்டீஸ். கொஞ்சம் நிலமோ வீடோ வைத்திருந்து இறந்தவர்களுக்குச் சொத்துக் கோப்பு ஒன்று இருக்கும். அதில் இந்தத் தாள் இருக்கும். இறந்தவரின் தாய் தகப்பன் பெயர், பிறந்த இடம், மனைவி, பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் உண்டு. நேட்டால் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் பெயரைப் போட்டால் கோப்பு எண் வரும், அதைக் குறித்துக்கொண்டு போனால் அங்கே எடுத்துத் தருவார்கள். குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கியும் தேடலாம்.

கிடைத்த எண்ணைச் சோதித்துப் பாருங்கள். 1,52,184-ஐத் தாண்டினால் அது காலனி எண் இல்லை, வேறு ஏதோ பதிவு எண். 6,400-க்குக் கீழே இருந்தால் உங்கள் முன்னோர் 1860 முதல் 1866 வரை வந்த முதல் கூட்டத்தைச் சேர்ந்தவர். அதற்குப் பிறகு 1874 வரை கப்பல் வரவில்லை. பழைய கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒரே மாதிரி இருக்கும். நாங்கள் இதில் மூன்று மாதம் வீணாக்கினோம். எண்ணைத் தப்பாகப் படித்து, யாரோ ஒரு விசாகப்பட்டினத்துக்காரரை எங்கள் தாத்தா என்று நினைத்துக் கொண்டாடியே விட்டோம். சந்தேகம் வந்தால் இரண்டு விதமாகவும் பாருங்கள். அந்த எண் அப்பாவுடையதா அம்மாவுடையதா என்பதையும் கவனியுங்கள்.

கப்பல் பட்டியலைக் காதால் படியுங்கள்

டர்பன் ஆவணக் காப்பகத்திலும், வெஸ்ட்வில்லில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் விசாரியுங்கள். பட்டியலில் ஒரு ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். எங்கள் தாத்தாவின் வரியில் இடது முழங்காலில் தழும்பு என்று இருந்தது. மாமனார் அதைப் படித்ததும் குனிந்து தன் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தழும்பு பரம்பரையாக வராது என்று அவருக்கும் தெரியும். ஆனால் போட்டோவில் விறைப்பாக நிற்கிற மனிதர், சின்ன வயதில் எங்கோ விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்ட பையனாக அந்த ஒரு வரியில் எழுந்து வந்துவிட்டார்.

பெயரைக் கண்ணால் படித்தால் குழம்பிப்போவீர்கள். நம் ஆள் வாயால் சொன்னதைத் தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது அது. உரக்கப் படித்துப் பாருங்கள். நம்முடைய உகரத்துக்கு அவர்கள் இரட்டை ‘ஓ’ போடுவார்கள், முத்து ‘மூத்தூ’ ஆகிவிடும். அகரத்துக்கு ‘யூ’ எழுத்து போடுவார்கள், ரங்கசாமி ‘ருங்கசாமி’ ஆகிவிடுவார். ‘கே’ இருக்கவேண்டிய இடத்தில் ‘சீ’ வரும், குப்பன் வீட்டைச் சீயிலும் தேட வேண்டும். எல்லம்மா ‘யெல்லம்மா’ ஆவார். சின்ன என்பது ‘ச்சின்ன’, ‘ஸின்ன’, ‘ஷின்ன’ என்று மூன்று விதமாகவும் வரும். லட்சுமி ‘லெட்ச்மி’. ழகரம் வந்தால் லகரம், ரகரம் இரண்டிலும் பாருங்கள். வயதை நம்பாதீர்கள், பார்த்து மதிப்பிட்டுப் போட்டதுதான் பெரும்பாலும். சாதிக் கட்டத்தில் மலபார் என்றிருந்தால் கேரளா என்று நினைக்க வேண்டாம். அக்கால மதராஸ் வெள்ளைக்காரர்கள் தமிழரை மலபார் என்றும் தெலுங்கரை ஜென்டூ என்றும் சொல்வார்கள்.

ஊர்ப் பெயருக்கு ஒரே விதிதான்: ஜில்லா முதலில், தாலுகா அடுத்து, கிராமம் கடைசியில். நேராகக் கிராமப் பெயரைக் கூகுளில் போடாதீர்கள். சேத்துப்பட்டு என்றால் சென்னைக்கு நடுவிலும் ஒன்று இருக்கிறது, எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஒன்று இருக்கிறது. ‘சிங்கிள்புட்’ செங்கல்பட்டு, ‘கான்ஜீவரம்’ காஞ்சிபுரம், ‘வாண்டிவாஷ்’ வந்தவாசி, ‘ட்ரிச்சினாபொலி’ திருச்சி, ‘டான்ஜோர்’ தஞ்சாவூர், ‘ட்ராங்க்பார்’ தரங்கம்பாடி. ஜில்லாக்களும் உடைந்துவிட்டன. அன்றைய வடஆற்காட்டில் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, போளூர், வந்தவாசிப் பக்கம் எல்லாம் அடங்கும். சித்தூரும் 1911 வரை அதில்தான் இருந்தது. தென்னாற்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. திருவண்ணாமலைத் தாலுகாவும் 1911 வரை தென்னாற்காட்டில்தான் இருந்தது. அன்றைய சேலத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் அடக்கம். தாலுகா தெரிந்துவிட்டால் அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து, ஊரைத் தெரிந்த ஒருவரை ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முன்பாதி சிதைந்திருந்தாலும் பட்டு, பாக்கம், குப்பம், வாடி, மங்கலம் என்ற கடைசிப் பாதி பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும்.

இன்னொரு வேலையையும் செய்யுங்கள். உங்கள் எண்ணுக்கு மேலே பத்து வரி, கீழே பத்து வரி படியுங்கள். எண்கள் வரிசையாகக் கொடுத்தவை என்பதால், கூட வந்த தம்பி, மனைவி, ஊர்க்காரர் பக்கத்திலேயே இருப்பார்கள். கல்யாணம் செய்துகொண்ட பெண் அதே கப்பலில் வந்தவராகவும் இருக்கலாம்.

இங்கே எப்படி வாழ்ந்தார்?

ஊர் கிடைத்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். அவர் வாழ்க்கையில் பாதிக்கு மேல் இங்கேதானே கழிந்தது? ஒப்பந்தம் ஐந்து வருடம். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளில் அந்தத் தோட்டத்தின் பெயரைத் தேடுங்கள். அடி, சம்பளப் பாக்கி, ரேஷன் குறைவு, நோய் என்று கூலிகள் கொடுத்த புகார்கள் அங்கே இருக்கின்றன. உங்கள் ஆளின் பெயர் இல்லாவிட்டாலும், அவர் படுத்த பேரக்ஸ், அதாவது கூலிகளின் குடியிருப்பு, எப்படி இருந்தது என்பது தெரியும்.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஏன் திரும்பத் திரும்பக் கையெழுத்துப் போட்டார் என்று தோன்றினால், அவர் வந்த வருடத்தைப் பாருங்கள். 1895-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் வந்தவர்கள், முடிந்தபின் விடுதலையாக நேட்டாலில் இருக்க வேண்டுமென்றால் வருடத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். அது 60 ஷில்லிங், புதிதாக வந்த ஆளுக்கு ஆறு மாதச் சம்பளம். பின்னால் பதினாறு வயதுப் பையன்களுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்களுக்கும்கூட அதைப் போட்டார்கள். 1914-ல்தான் ஒழிந்தது. கட்ட முடியாதவர்கள் மறுபடி தோட்டத்துக்கே போனார்கள், அல்லது ஊர் திரும்பினார்கள். திரும்பிப் போய் மீண்டும் ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு இன்னொரு எண்ணும் இருக்கக்கூடும்.

பட்டியலில் பெயரே இல்லையென்றால், அவர் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி வந்தவராக இருக்கலாம், அப்படி வந்தவர்கள் கூலிப் பட்டியலில் வரமாட்டார்கள். மொரீஷியஸ் வழியாக வந்திருந்தால், அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பழைய குடியேற்றப் பதிவுகள் இருக்கின்றன. காந்தியோடு நின்ற தம்பி நாயுடுவே மொரீஷியஸில் பிறந்தவர்தான்.

ஊருக்குப் போகும்போது

நேரே போய் இறங்கி “நாங்கள் இந்த ஊர்” என்று சொல்லாதீர்கள். நிலம் கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். தமிழ்நாட்டில் தெரிந்தவர் ஒருவரை முன்கூட்டியே அனுப்பி, சொத்துக்காக இல்லை, சாமி கும்பிடவும் சொந்தத்தைப் பார்க்கவும் வருகிறோம் என்று சொல்லச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரைவிடக் கோயில் பூசாரியிடம் முதலில் பேசுங்கள். குலதெய்வக் கோயிலுக்கு வரி கொடுக்கும் பங்காளிகள் யார் யார் என்பது அவருக்குத்தான் தெரியும். “கப்பல்ல போனவங்க வீடு எதுங்க?” என்று கேளுங்கள், நேட்டால் என்ற பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டை உடனே சொந்தம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அப்பா பெயர் பொருந்துகிறதா, “அண்ணன் தம்பியில ஒருத்தர் காணாம போயிட்டார்” என்ற பேச்சு அந்த வீட்டில் உண்டா என்று மெதுவாகக் கேளுங்கள்.

பட்டியல் பக்கத்தின் நகல் நாலைந்து, பெரிதாகப் போட்ட பழைய போட்டோ, இங்கே உள்ள குடும்பத்தின் வம்சாவளி தமிழில் எழுதிய ஒரு தாள், இவற்றை எடுத்துப் போங்கள். பெயர்களைத் தமிழில் எழுதுவது முக்கியம். எங்கள் தாளை அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரல் வைத்துப் படித்தார். முதல் பெயரில் விரலை நிறுத்தி, “இவங்கப்பன் பேருதான் எங்க தாத்தாவோட தாத்தாவுக்கும்” என்றார். அது ஒன்றே போதாது, அந்தப் பக்கத்தில் அந்தப் பெயர் வீட்டுக்கு ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமனார் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.